கல்லுக்கு இருபுறமும் ஒரே கூழ்

பயற்றங்கூழுக்குச் சீரகத்தைக் கடைசியில்தான் போடவேண்டும், ஐயாமாரே. முதலிலேயே போட்டால் கசந்துவிடும். என் தம்பி ரேகேமை நீங்கள் கட்டிவைத்திருக்கிற அறைக்கு இன்று காலை அனுப்பிய கூழில் உங்கள் வீட்டுப் பெண்கள் முதலிலேயே போட்டுவிட்டார்கள். அவன் தொடவில்லை என்று காவல்காரர் சொன்னார். எப்படித் தொடுவான்? பல் முளைத்த நாளிலிருந்து என் கைச் சமையலைத் தின்றவன்.

நான் சிரிப்பதைப் பார்த்து மூப்பர் ஏலா ஐயா முகம் சுளிக்கிறார். பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குச் சிரிப்பு இப்படித்தான், இடம் பொருள் பார்க்காமல் வரும். சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும்போதே வந்திருக்கிறது. இந்த இரண்டு நாளாக அடக்கவே முடியவில்லை, தலை லேசாகச் சுற்றுகிறது, கால் தரையில் படுகிறதா என்று நானே குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. ரேகேம் என் புருஷன் பெலேத்தை ஈட்டியால் குத்தினபோது, பிரதான ஆசாரியர் இறந்துபோன சேதி அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்து குத்தினான் என்றால் அது கொலை, அவனை என் புருஷனின் பிள்ளைகள் கையில் பிடித்துக் கொடுத்துவிடுவீர்கள். அவன் வாயைத் திறக்கமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறான். சரி, நான் திறக்கிறேன். ஆனால் என் போக்கில் சொல்ல விடுங்கள், அவசரப்படுத்தினால் எனக்குச் சிரிப்பு அதிகமாகும்.

முதல் பாதி உங்களுக்கே தெரியும். என் அண்ணன் ஓனாமும் என் வீட்டுக்காரரும் ஒன்றாகக் காட்டுக்கு மரம் வெட்டப் போனார்கள். இவர் ஓங்கினார், காம்பிலிருந்து கோடரித் தலை கழன்று அண்ணன் நெற்றியில் பட்டது. பகையும் இல்லை, முன்விரோதமும் இல்லை. அன்று காலையில்கூட இருவரும் ஒரே அப்பத்தைப் பிய்த்துத் தின்றார்கள். இவர் அங்கிருந்து ஓட ஆரம்பித்தவர், இந்தப் பேசேர் பட்டணத்து வாசலில் வந்து விழுந்தபோதுதான் வெறும் காம்பு இன்னும் கையில் இருப்பதைப் பார்த்தார். நீங்கள் விசாரித்துக் கைதவறிய சாவு என்று தீர்த்து, அடைக்கலம் கொடுத்தீர்கள். பிரதான ஆசாரியர் உயிரோடு இருக்கும்வரை எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இறந்தவனின் இரத்தத்துக்குப் பழிவாங்குகிறவன் குத்தலாம், கேட்பாரில்லை. ஆசாரியர் இறந்துவிட்டாலோ அந்த நொடியே விடுதலை, ஒருவரும் மேலே கை வைக்கக் கூடாது. பழிவாங்கும் கடமை, மிச்சமிருந்த ஒரே சகோதரன் ரேகேம் தலையில் விழுந்தது.

நான் புருஷனோடு இங்கே வந்துவிட்டேன். வந்த பிறகுதான் இது எவ்வளவு வேடிக்கையான ஊர் என்று தெரிந்தது. கூரையிலிருந்து கல்லைத் தவறவிட்டவர், ஏணியைச் சரித்தவர், மானுக்கு விட்ட அம்பை மச்சான்மேல் விட்டவர் என்று ஊர் முழுக்கக் கைதவறியவர்கள். நாலு பேர் கூடினால் சீலோவில் இருக்கும் அந்த ஆசாரியக் கிழவரின் உடல்நிலைதான் பேச்சு. பெரியவருக்கு இருமலாம் என்று ஒரு வியாபாரி சொல்லிவிட்டுப் போனால் அன்றைக்குத் தெருவெல்லாம் கறி மணக்கும். தேறிவிட்டாராம் என்று இன்னொருவன் சொன்னால் எல்லார் முகமும் தொங்கிப்போகும்.

அவருடைய தாயார் விவரமானவர். அடைபட்டுக் கிடக்கிறவர்கள் தன் மகன் சாகவேண்டும் என்று வேண்டிக்கொள்ளக் கூடாதே என்பதற்காக, கழுதைச் சுமை நிறைய அத்திப்பழ அடையும் கம்பளிச் சட்டையும் அனுப்பிக்கொண்டே இருப்பார். ஆசாரியர்களைப் பெற்றவர்கள் எல்லாரும் செய்து வருகிற வழக்கம்தான் அது. எங்கள் பக்கத்து வீட்டு எசேர், கிணறு வெட்டுகிறவர், அந்த அடையைக் கடித்துப் பார்த்தே சீலோவில் நாடி பிடித்துவிடுவார்.

"ஏ மில்கா, இந்தத் தடவை தேன் சொட்டுது பாத்தியா? மவனுக்கு முடியல போல. கிழவி ஆடிப்போயிட்டா."

"போன தடவை வறட்டியாட்டம் இருந்துச்சே, அண்ணே."

"அப்ப நல்லா நடமாடிக்கிட்டு இருந்திருப்பாரு. நாம எதுக்கு அவளுக்கு?"

வயிறு வலிக்கச் சிரிப்போம். ஆனால் ஒன்று சொல்கிறேன், இந்த ஊரிலேயே அந்தப் பெரியவர் நீடூழி வாழவேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான். காரணம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு மனிதர் சாகவேண்டும் என்று வேண்டுவது பாவமல்லவா? அதுவும் போக, எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. எங்கள் சொந்த ஊரில் இவருக்கு மூத்த தாரம் நாராள் இருந்தாள். வயலும் அவளுடையது, மந்தையும் அவளுடையது, பிள்ளைகளும் அவள் பெற்றவை. எனக்குக் கர்த்தர் கொடுக்கவில்லை. அங்கே பந்தியில் கடைசியாக உட்கார்ந்து ஒட்டியதை வழித்துத் தின்றவள் நான். இங்கே தண்ணீர் எடுக்க நான், விறகு பொறுக்க நான், வெளியுலகச் சேதி சொல்ல நான். கல்லுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் அவர் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ரேகேம் கல்லுக்கு வெளியே, ஊற்றுக்குப் பக்கத்தில், கூடாரம் போட்டு ஈட்டியோடு உட்கார்ந்துவிட்டான். பழிவாங்குகிறவன் அப்படித்தான் உட்காரவேண்டும், எழுந்து போனால் ஊர் சிரிக்கும். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பசிக்காதா? ஒரே பானையில் கூழ் காய்ச்சி, உள்ளே அவருக்கு ஒரு கலயம், வெளியே இவனுக்கு ஒரு கலயம். குத்த வேண்டியவனும் குத்துப்பட வேண்டியவரும் என் கூழைத்தான் குடித்தார்கள். இதை நினைத்து எத்தனை நாள் வழியில் தனியாகச் சிரித்திருக்கிறேன் தெரியுமா?

"இன்னைக்கும் பயறா, அக்கா? மாமாவுக்கும் இதேதானா?"

"அதே பானைதான் தம்பி."

"அவருக்கு உப்பைக் கொறைச்சுப் போடு. கால் வீங்குதுன்னு சொன்னியே."

இவன்தான் பழிவாங்க வந்தவன். அவனுக்கு ஊரில் அத்தை மகள் ஒருத்தி நிச்சயமாகிக் காத்திருந்தாள். கூழைக் குடித்துவிட்டு, கலயத்தைக் கழுவிக்கொண்டே தினமும் அதையே சொல்வான். "பெரியவர் கண்ணை மூடிட்டாருன்னா எனக்கும் விடுதலைதான் அக்கா. அதுக்கப்பறம் ஒருத்தன் என்னைக் கோழைன்னு சொல்ல முடியாதுல்ல? ஈட்டிய இந்த ஊத்துலயே எறிஞ்சுட்டு ஓடிருவேன்." நான் அவன் தலையைக் கோதிவிட்டு, சீக்கிரம் நடக்கும் என்பேன்.

முந்தாநாள் உச்சிக்கு முன்னால் தண்ணீர் எடுக்க ஊற்றுக்குப் போனேன். ரேகேம் ஆடுகளை மேட்டுக்கு ஓட்டிப் போயிருந்தான். ஊற்றோரம் அந்தத் தாயாரின் கழுதைக்காரன் ஒத்னி உட்கார்ந்திருந்தான். சட்டை கிழிந்திருந்தது, தலையெல்லாம் புழுதி, வாய் நிறைய அத்திப்பழ அடை.

"என்ன ஒத்னி, எங்களுக்கு வந்ததை நீயே திங்கிற?"

"இனிமே உங்களுக்கு எதுக்குத் தாயி? பெரியவர் செத்துட்டார்."

நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"நான் ஆத்தைத் தாண்டினப்பறம் அந்தம்மா நீச்சல் தெரிஞ்சவன் ஒருத்தனைப் பின்னாலயே விரட்டி அனுப்பியிருக்காங்க. மவன் போயிட்டான், இனி அந்தக் கொலைகாரப் பயலுவ தின்னா என்ன, தின்னாட்டி என்ன, சுமையைத் திருப்பிக்கிட்டு வான்னு."

அடேயப்பா, அந்தச் சிரிப்பை நான் என்னவென்று சொல்வேன். மகன் உடம்பு ஆறுவதற்குள் அடையைத் திரும்பக் கேட்ட அந்தக் கிழவியை நினைத்து நினைத்து ஊற்றோரம் உட்கார்ந்துவிட்டேன். ஒத்னியும் அழுதுகொண்டே சிரித்தான். ஊருக்குள் போய்ச் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"நானா? ஆசாரியருக்கு ஊழியம் செய்யுற லேவியருங்க வாசல்ல நின்னு எக்காளம் ஊதிச் சொல்ற சேதி தாயி இது. கழுதைக்காரன் முந்திக்கிட்டா தோலை உரிச்சுருவாங்க. அவங்க அக்கரையில படகுக்கு நிக்கிறாங்க. அறுப்புக்காலத்துல யோர்தான் கரைபுரண்டு ஓடுது, உடுப்பு நனையக் கூடாதுல்ல? நாளைக்கு வந்துருவாங்க. நீயும் வாயை மூடிக்கிட்டிரு."

அவன் கழுதையைத் திருப்பிக்கொண்டு போனான். நான் வீட்டுக்கு ஓடினேன். என்னைத் தப்பாக நினைக்காதீர்கள், அப்போது என் மனதில் சந்தோஷத்தைத் தவிர ஒன்றுமில்லை. இவர் வாசற்படியில் உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இழுத்துப்போய்க் காதில் சொன்னேன். அந்த மனுஷர் ஒரு கூச்சல் போட வாயைத் திறந்தார். நான் முந்தானையை அவர் வாயில் திணித்தேன், எசேருக்குக் கேட்டுவிடுமே. என்னை அப்படியே தூக்கிக்கொண்டு சுற்றினார். வீங்கின காலோடு சுற்று சுற்றென்று சுற்றினார். பானை உருண்டது, விளக்குத் தட்டு கவிழ்ந்தது, நாங்கள் இருவரும் துணியைக் கடித்துக்கொண்டு சிரித்தோம். என் வாழ்நாளில் நான் அதைவிட நன்றாக இருந்ததில்லை, ஐயாமாரே.

பிறகு என்னை இறக்கிவிட்டார். "நாராள் இந்நேரம் வாற்கோதுமை அறுத்துக்கிட்டிருப்பா," என்றார். "தனியாக் கெடந்து என்ன பாடு படுறாளோ."

"ரெண்டு பேருமா நாளைக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"நாளைக்கா? நான் இப்பவே கெளம்பறேன். நீ சாமானையெல்லாம் கட்டிக்கிட்டு மெதுவா வா. ஒண்ணும் அவசரமில்ல. இல்ல, இங்கயே உனக்குப் பழகிப்போச்சுன்னா இருந்துக்கயேன் மில்கா. அக்கம்பக்கமெல்லாம் நல்ல சனந்தானே?"

நல்ல மனுஷர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என் வசதிக்காகத்தான் சொன்னார். நான் கோபப்படவும் இல்லை, சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். அப்போதுதான், ஐயாமாரே, என் அண்ணன் ஓனாமின் இரத்தம் எனக்கு நினைவுக்கு வந்தது.

கூடப்பிறந்த இரத்தமல்லவா? அது மண்ணிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் என்று நீங்களே சொல்வீர்கள். இத்தனை வருஷம் கூப்பிட்டது என் காதில் விழவில்லை, அன்றைக்கு விழுந்தது. அண்ணன் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அது சரியாக வரவில்லை, மூக்கு மட்டும் வந்தது. ஆனாலும் இரத்தம் இரத்தந்தானே?

அவரே ஒரு தடவை யோசித்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். "எக்காளம் ஊதற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமா? வெளிய ரேகேம் இருக்கானே," என்றார். ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பார். "நான் போய் அவங்கிட்ட சொல்லிடறேன். கூழைக் குடிச்சுட்டு நீங்க நிம்மதியா வாங்க," என்றேன். அவர் என் கன்னத்தைக் கிள்ளினார்.

நான் ரேகேமின் கலயத்தை எடுத்துக்கொண்டு கல்லைத் தாண்டினேன். அவன் மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான். வந்ததும் வராததுமாகக் கேட்டான், "கழுதைக்காரன் வந்துட்டுப் போன மாதிரி இருந்துச்சே. பெரியவர் எப்படி இருக்காராம்?"

"நல்லா இருக்காராம் தம்பி. இப்பல்லாம் ரெண்டு அப்பம் கூடத் திங்கிறாராம்."

பையன் முகம் வாடிப்போயிற்று. உட்கார்ந்து கூழில் அப்பத்தைத் தோய்த்தான். அவன் தின்னட்டும் என்று காத்திருந்தேன். பிறகு சொன்னேன், மாமா இன்றைக்குக் கல்லைத் தாண்டப் போகிறார், நாராளைப் பார்க்காமல் பொறுக்க முடியவில்லையாம் என்று.

ரேகேம் கலயத்தைக் கீழே வைத்தான். "போகட்டும் அக்கா," என்றான். "நான் தூங்கற மாதிரி படுத்துக்கிடறேன். எனக்கும் வீட்டுக்குப் போகணும்."

"நீ தூங்கலாம். சுத்தி அறுப்புக்காரங்க நிக்கிறாங்களே, அவங்க தூங்குவாங்களா? கூடப்பொறந்தவன் ரத்தத்தைக் கோட்டை விட்டவன்னு உன் கல்யாணப் பந்தல்ல வந்து துப்புவாங்க. அந்தப் பொண்ணு மூஞ்சியில எப்படி முழிப்ப?"

அவன் கலயத்தை மறுபடி கையில் எடுத்தான்.

"ஓனாம் உன்னைத் தோள்ல தூக்கிச் சுமந்தானே, தம்பி."

அழுதுவிட்டான். அழுதுகொண்டே கூழைக் குடித்து முடித்தான், கலயத்தைக் கழுவி என்னிடம் கொடுத்தான், பிறகுதான் ஈட்டியை எடுத்தான். எதையும் மிச்சம் வைக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

இவர் பாடிக்கொண்டே வந்தார். அறுப்புக்காரர்கள் கேட்டதாகச் சொன்னார்களே, அது உண்மைதான். விடுதலை, விடுதலை என்று அவரே கட்டின பாட்டு. ராகம் சகிக்காது. எல்லைக்கல் வந்ததும் நின்றார், இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி ஒரே குதியாகத் தாண்டினார். எதிரே ரேகேமைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார்.

"மாப்ளே, எல்லாம் முடிஞ்சு போச்சுடா. வா, வீட்டுக்குப் போவோம்."

ரேகேம் கண்ணை மூடிக்கொண்டு குத்தினான். கண்ணைத் திறந்திருந்தால் அந்தக் கைகளைப் பார்த்திருப்பான். இவர் விழும்போது அவனைப் பார்க்கவில்லை. ஊற்றோரம் கலயத்தோடு நின்ற என்னைப் பார்த்து, "மில்கா, நீ சொல்லலியா?" என்றார். அப்போதும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று அறுப்புக்காரர்கள் சொன்னால் அதை மறுக்கமாட்டேன். தலை அப்படிச் சுற்றியது, யாரோ என்னை இன்னும் தூக்கிச் சுற்றுகிறது போலவே இருந்தது.

மறுநாள் லேவியர்கள் வந்து எக்காளம் ஊதினார்கள். நனையாத உடுப்போடுதான் வந்தார்கள். ஊரே எல்லைக்கல்லுக்கு ஓடியது. எசேர் அந்தப் பக்கம் குதிப்பதும் இந்தப் பக்கம் குதிப்பதுமாக, அப்படி ஒரு கூத்து நான் பார்த்ததில்லை. ரேகேம் அப்போது உங்கள் முன்னால், இந்த வாசலில், கடமை முடிந்தது என்று சொல்ல வந்து நின்றுகொண்டிருந்தான். பெரியவர் எந்த நாளில் இறந்தார் என்று லேவியர் சொன்னதும், கூட்டத்தில் என்னைத் தேடினான். கண்டுபிடித்தான். பிறகு நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று உங்களுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்குகிறது. அக்காவைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை, பாசக்காரன். அதனால் நானே சொல்லிவிட்டேன். அவனுக்குத் தெரியாது. தெரிந்தவள் நான். உண்மையைப் புருஷனிடம் சொன்னேன், பொய்யைத் தம்பியிடம் சொன்னேன். இரண்டையும் இடம் மாற்றிச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் இன்று அவரவர் வீட்டில் இருப்பார்கள்.

என்னைக் கல்லெறிய வேண்டும் என்று அங்கே ஒருவர் முணுமுணுக்கிறார். அதற்கு இரண்டு சாட்சி வேண்டுமே. ஒருவர் மண்ணுக்குள் போய்விட்டார், இன்னொருவன் வாய் திறக்கமாட்டான். தன் வாயால் தான் சொன்னது தனக்கெதிராகச் செல்லாது என்பது நீங்கள் வைத்த நியாயம். நான் ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை, ஈட்டியைத் தொடவில்லை, கூழ்க் கலயத்தைத் தவிர என் கையில் அன்றைக்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே ரேகேம் கொலைகாரன் அல்ல, அறியாமல் கொன்றவன். அறியாமல் கொன்றவனுக்கு இடம் இந்த ஊர்தான். நாராளின் மூத்த மகன் ஈட்டியோடு வந்து கல்லுக்கு வெளியே நிற்கிறானாம், அதனால் ரேகேம் உள்ளே இருந்தே ஆகவேண்டும். புதிய ஆசாரியர் தாடி கருத்த வாலிபராம், நல்ல திடகாத்திரமாம், கேட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதி. வீட்டை மெழுகிவிட்டேன். பாயை உதறி வெயிலில் போட்டிருக்கிறேன். தண்ணீர், விறகு, வெளியுலகச் சேதி எல்லாம் நான் பார்த்துக்கொள்வேன், அவன் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம்.

என்ன சொல்கிறீர்கள், ஏலா ஐயா? அவன் வாய் திறந்தானா? எப்போது, இன்று விடிந்ததும்? என்ன கேட்டான்?

ஓ. நாராளின் மகன் நிற்கிற பக்கத்து வாசலைத் திறந்துவிடச் சொன்னானா?

கோபத்தில் சொல்கிறான், ஐயா. திறந்துவிடாதீர்கள். இரண்டு நாளில் சரியாகிவிடும், வீட்டுக்கு வந்துவிடுவான். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?